புதிதாக மணமானவர்களுக்கு: முத்தத்தை எங்கிருந்து தொடங்குவது

கல்யாணம் நிச்சயமானதும் நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஆலோசனை கிடைக்கும். பட்டு எந்தக் கடையில் எடுக்கலாம், சமையலுக்கு யாரைச் சொல்லலாம், பிளவுஸை எத்தனை நாள் முன்னால் தைக்கக் கொடுக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். தாலி கட்டிய அன்று ராத்திரி ஓர் அறையில் தனியாக விடப்படும் இரண்டு பேர் எப்படிப் பக்கத்தில் வருவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அக்கா "எல்லாம் தானா வரும்" என்பாள். நண்பர்கள் கண்ணடித்துவிட்டுப் போவார்கள். சினிமாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றால், பழைய படங்களில் இரண்டு பூக்கள் உரசிக்கொள்ளும். புதிய படங்களில் கொட்டும் மழையில் மூச்சுத் திணறத் திணற நடக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் பார்த்து முடித்த கல்யாணமோ காதல் கல்யாணமோ, புதிதாகச் சேர்ந்து வாழத் தொடங்கும் இருவருக்கான வழிகாட்டி இது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படுக்கைக்குப் போகிற வழியில் அவசரமாகத் தாண்டிப் போகிற ஒன்றாக முத்தத்தை நினைப்பவர்கள் நம்மில் அதிகம். அந்த நினைப்பால்தான் பல கல்யாணங்களில் ஒன்றிரண்டு வருடத்திலேயே முத்தம் காணாமல் போகிறது. முத்தம் முத்தத்துக்காகவே இருக்கட்டும். கீழே நான் சொல்லப்போவது எல்லாமே இந்த ஒரு நம்பிக்கையிலிருந்து வருவதுதான்.

தெரியவில்லை என்பது குறையல்ல

"எனக்கு முத்தம் கொடுக்கவே தெரியலை, என்கிட்ட ஏதாவது பிரச்சினையா?" என்று மனசுக்குள் கேட்டுக்கொள்பவர்கள் நிறைய. பிரச்சினை எதுவும் இல்லை. 2015-ல் வெளியான ஒரு மானுடவியல் ஆய்வு உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 168 பண்பாடுகளை எடுத்துப் பார்த்தது. காதலர்கள் உதட்டோடு உதடு வைத்து முத்தமிடும் வழக்கம் அவற்றில் 46 விழுக்காட்டில்தான் இருந்தது. உதட்டு முத்தம் எல்லா மனிதர்களுக்கும் பிறவியிலேயே வந்துவிடுவதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. பழகித்தான் வர வேண்டும். பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்று ஒரு குரல் உள்ளுக்குள் கேட்டால், அதையும் ஒதுக்கிவிடுங்கள். திருக்குறளில் காதற் சிறப்புரைத்தல் என்ற அதிகாரத்தின் முதல் குறளே (1121) காதலியின் வாயில் ஊறும் நீரைப் பற்றியதுதான். பாலும் தேனும் கலந்ததுபோல் இருக்கிறது என்று காதலன் சொல்கிறான். பள்ளிப் பாடத்தில் இன்பத்துப்பால் வராததால் நமக்கு இது தெரியாமல் போய்விட்டது.

அப்புறம், கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். முத்தத்தால் கர்ப்பம் ஆகாது.

முதலில் வாயைக் கவனியுங்கள்

காதலைப் பற்றிய கட்டுரையில் பல் தேய்ப்பதைப் பற்றிப் பேசுவது சிலருக்கு ஒட்டாததாகத் தோன்றலாம். ஆனால் வாய் நாற்றத்தால் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், காரணம் தெரியாமல் 'என்னைப் பிடிக்கவில்லையோ' என்று மற்றவர் உள்ளுக்குள் புழுங்குவதும் நடக்கிறது. புதிதாக வந்தவரிடம் "உங்க வாய் நாறுது" என்று யாரால் சொல்ல முடியும்?

பெரும்பாலும் இந்த நாற்றம் வயிற்றிலிருந்து வருவதில்லை. நாக்கின் பின்பக்கம் படிகிற வெள்ளைப் படலத்திலும் பல்லிடுக்கிலும் ஈறின் ஓரத்திலும் இருக்கும் பாக்டீரியாக்கள் கந்தகம் கலந்த வாயுக்களை வெளியிடுகின்றன. அதனால் பல்லோடு நாக்கையும் வழிக்க வேண்டும். நம் வீடுகளில் பழைய பழக்கம்தான் இது. ஹாஸ்டலில் இருந்த காலத்தில் பலரிடமிருந்து போயிருக்கும். ராத்திரி சாப்பிட்ட பிறகு பல் தேய்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் கல்யாணத்துக்கு முன்பே பல் டாக்டரிடம் போய் ஸ்கேலிங் செய்துகொள்வது நல்லது. ஏலக்காய், கிராம்பு, சோம்பு எல்லாம் கொஞ்ச நேரம் மணக்கும், அவ்வளவுதான். சிகரெட்டும் பான் மசாலாவும் எதைப் போட்டு மென்றாலும் மறையாது.

தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைவதால் விடிகாலையில் எல்லோர் வாயிலும் வாடை இருக்கும். அதற்கு யாரும் வெட்கப்பட வேண்டாம். எழுந்து வாய் கொப்பளித்துவிட்டு வந்தால் போதும். பூண்டுக் குழம்பும் வெங்காயப் பச்சடியும் இருந்தால் இருவரும் சாப்பிடுங்கள். ஒருவர் மட்டும் சாப்பிட்டால்தான் தொந்தரவு.

உதட்டில் வியர்வைச் சுரப்பிகள் கிடையாது, தோலும் மிக மெல்லியது. சீக்கிரம் உலர்ந்து வெடிக்கும். நாக்கால் நனைத்துக்கொண்டே இருந்தால் இன்னும் மோசமாகும். படுக்கப்போகும் முன் கொஞ்சம் நெய்யோ வாசலினோ தடவிக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு இன்னொன்று. மழித்த முகமும் பரவாயில்லை, நன்றாக வளர்ந்த தாடியும் பரவாயில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இரண்டு நாள் முள்தாடிதான் மனைவியின் கன்னத்தையும் மோவாயையும் சிவக்கச் சிவக்கத் தேய்த்துவிடும். மீசை மயிர் மேலுதட்டைத் தாண்டித் தொங்கினால் கத்தரித்துக்கொள்ளுங்கள்.

உங்களில் யாருக்காவது வேர்க்கடலை போன்ற உணவு ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடலை சாப்பிட்டவர் எச்சிலில் அதன் புரதம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். ஒவ்வாமை கடுமையாக இருப்பவருக்கு அந்த முத்தமே ஆபத்தாகலாம். பல் தேய்த்தால் மட்டும் போதாது. சில மணி நேரம் விட்டு, கடலை சேராத சாப்பாடு ஒன்றைச் சாப்பிட்ட பிறகு நெருங்குவதுதான் பாதுகாப்பு.

கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள்

வழிகாட்டியின் மற்ற பகுதிகளை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள். தாலி கட்டிவிட்டதால் அனுமதி கிடைத்துவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் போனில் எவ்வளவு பேசியிருந்தாலும், தொடுதல் என்று வரும்போது இருவரும் புதியவர்கள்தான்.

"ஒரு முத்தம் குடுக்கட்டுமா?" என்று மெல்லக் கேளுங்கள். கேட்டால் அந்த நேரத்தின் சுகம் கலைந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கும்போது, பதில் வரும் வரையிலான அந்தச் சில நொடிகளிலேயே ஒரு கிறக்கம் இருக்கிறது. தன்னை ஒருவர் கேட்டுவிட்டுத் தொடுகிறார் என்பது எவருக்கும் பெரிய நிம்மதி. அந்த நிம்மதி வந்த பிறகுதான் உடம்பு இளகும்.

பதில் வாயால் வர வேண்டும் என்றில்லை. "ம்" என்று ஒரு முனகலாக வரலாம். முகம் உங்கள் பக்கம் சாயலாம். கை உங்கள் கையைப் பிடிக்கலாம். மாறாக, உதட்டை இறுக்கிக்கொள்வது, தோளைக் குறுக்குவது, உள்ளங்கையை உங்கள் நெஞ்சில் வைத்துத் தள்ளாமல் தள்ளுவது, பேச்சை மாற்றுவது எல்லாம் இப்போது வேண்டாம் என்பதற்கான அடையாளங்கள். "யாராவது வந்துடுவாங்க" என்றால் அதற்கு இரண்டு அர்த்தமும் இருக்கலாம். எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து, இன்னொரு தடவை கேளுங்கள். அப்போதும் தயங்கினால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

"இன்னைக்கு வேணாங்க" என்று மனைவி சொன்னால் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் படுக்காதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை சம்மதம் கிடைக்கும், ஆனால் அது பயத்தில் கிடைத்ததாக இருக்கும். கணவன் தயங்கினாலும் இதே மரியாதை அவருக்கும் வேண்டும். ஆண் என்றால் எப்போதும் தயாராக இருப்பான் என்பது உண்மையில்லை; கல்யாண அலைச்சலில் அவரும் களைத்துப்போயிருப்பார், அவருக்கும் கூச்சம் இருக்கும்.

யார் தொடங்குவது? பங்களாதேஷில் மணமான 48 ஜோடிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. அங்கேயும் நம்மைப் போலவே பொது இடத்தில் முத்தம் கிடையாது, எல்லாம் வீட்டுக்குள்தான். முத்தத்தைத் தொடங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். நம் வீடுகளிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆசை இல்லாததால் பெண்கள் பின்வாங்குவதில்லை, 'நானாகக் கேட்டால் என்ன நினைப்பாரோ' என்ற பயம்தான். கணவன்மார்கள் இதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்: "உனக்குத் தோணுறப்ப நீயே குடு, எனக்கு ரொம்பப் பிடிக்கும்." இந்த ஒரு வரி பல வருட மௌனத்தைத் தவிர்த்துவிடும்.

இன்னும் மணமாகாதவர்கள் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர் சம்மதித்தாலும் போக்சோ சட்டம் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. வயது வந்த பெண்ணாகவே இருந்தாலும், விருப்பமில்லாமல் இழுத்து முத்தமிடுவது குற்றம். விளையாட்டுக்குச் செய்தேன் என்பது பதிலாகாது.

உதட்டுக்கு வருவதற்கு முன்னால்

நேராக உதட்டுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. முதல் நாள் கையோடு நின்றுவிடலாம். மருதாணி வாசம் இன்னும் போகாத உள்ளங்கையில் வைக்கும் முத்தத்துக்கு ஈடு கிடையாது. விரல் நுனிகள், மணிக்கட்டின் உட்புறம், அப்புறம் நெற்றி.

நெற்றி முத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசைப்படுகிறேன். ஆசையைக் காட்டுவதைவிட, 'நீ பத்திரமாக இருக்கிறாய்' என்பதைச் சொல்லும் முத்தம் அது. நம் வீடுகளில் குழந்தையின் உச்சியை முகர்ந்து கொஞ்சுவார்கள் இல்லையா, அந்த உணர்வு இன்னும் நம் உடம்பில் இருக்கிறது. புது வீட்டில், புது மனிதர்கள் நடுவில், நாள் முழுக்கச் சிரித்துச் சிரித்து வாய் வலித்துப்போன ஒரு பெண்ணுக்கு அந்த முதல் வாரத்தில் மிகவும் தேவைப்படுவது இதுதான். நெற்றியில் உதட்டை வைத்ததும் எடுத்துவிடாதீர்கள். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் அப்படியே இருங்கள். தலையில் இருக்கும் மல்லிகையின் வாசம், எண்ணெயின் வாசம், அவளுடைய சொந்த வாசம் எல்லாம் அந்த ஒரு மூச்சில் வரும். ஒருவரின் வாசம் பழகிவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும். மனைவி கணவனின் நெற்றியில் தருவதும் அப்படியே. உயரம் எட்டாவிட்டால் அவர் உட்கார்ந்திருக்கும்போது கொடுங்கள். தன் நெற்றியில் யாராவது முத்தமிட்டுப் பல வருடங்கள் ஆகியிருக்கும் ஆண்கள் ஏராளம். அவர்கள் கண் கலங்கினால் ஆச்சரியப்படாதீர்கள்.

அடுத்து மூடிய இமைகள், கன்னம், காதுக்குப் பின்னால், கழுத்து. கழுத்தில் பலருக்குக் கூச்சம் அதிகம், துள்ளிவிடுவார்கள். மூச்சு மட்டும் படுகிற அளவுக்கு மெதுவாக இருங்கள். அங்கே அழுத்தி உறிஞ்சினால் சிவந்த தழும்பு விழும். மறுநாள் காலையில் வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

உதட்டு முத்தம்

மூளையில் தொடு உணர்வுக்கென்று ஒரு பகுதி உண்டு. உடம்பின் எந்த இடத்துக்கு அதில் எவ்வளவு பங்கு என்று கனடாவின் மான்ட்ரியால் நகரில் பணியாற்றிய பென்ஃபீல்ட் என்ற மூளை அறுவை மருத்துவர் வரைபடமாகக் காட்டினார். முதுகு முழுவதற்கும் உள்ள இடத்தைவிட உதட்டுக்கு அதிக இடம் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், இங்கே அழுத்தம் தேவையே இல்லை. மிக லேசாகத் தொட்டாலே உதட்டுக்கு எல்லாம் தெரியும்.

முதலில் மிக அருகில் வந்து நின்றுவிடுங்கள். மூச்சுக் காற்று மற்றவர் முகத்தில் படும் தூரம். முழுவதும் நீங்களே போய்ச் சேர்ந்துவிடாமல், கடைசிக் கொஞ்ச தூரத்தை அவர் வரட்டும் என்று விடுங்கள். அவர் வந்தால் அதுவே பதில்.

மூக்கு இடிக்காமல் இருக்கத் தலையைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும். எந்தப் பக்கம் என்று யோசித்துக் குழம்ப வேண்டாம். ஜெர்மனியைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் விமான நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் பூங்காக்களிலும் 124 ஜோடிகளைக் கவனித்து 2003-ல் எழுதினார்; மூன்றில் இரண்டு பங்கினர் வலப்பக்கம்தான் சாய்த்தார்கள். பங்களாதேஷ் ஆய்விலும் அப்படியே. தொடங்குகிறவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அதற்கேற்ப மற்றவரும் தானாகச் சாய்ந்துகொள்வதையும் அதில் பார்த்தார்கள். ஆகவே தொடங்குகிறவர் மெதுவாகச் சாய்ந்தால் போதும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுங்கள். மூக்குத்தி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதும் நல்லது, புதிதாகக் குத்தியிருந்தால் வலிக்கும்.

உதட்டைக் குவித்து இறுக்காமல், தளர்வாக, மூடியபடியே வைத்துத் தொடுங்கள். இரண்டு மூன்று நொடி. பிறகு விலகி, முகத்தைப் பாருங்கள். இந்த விலகலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விலகும்போதுதான் மற்றவர் என்ன நினைக்கிறார் என்று தெரியும், இன்னொன்று வேண்டும் என்ற ஆசையும் வரும். அடுத்தது கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். மேலுதட்டை மட்டும், கீழுதட்டை மட்டும் என்று நிதானமாகப் பழகுங்கள். மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டாம், மூக்கால் விடலாம்; இது தெரியாமல் முதல் நாள் திணறுபவர்கள் உண்டு.

கண்கள் தானாக மூடிக்கொள்ளும். பார்வைக்கு வேலை அதிகமாக இருக்கும்போது தோலில் படும் தொடுதலைக் குறைவாகவே உணர்கிறோம் என்று 2016-ல் வெளியான ஒரு சோதனை காட்டியது. கண்ணை மூடினால் உதடு நன்றாக உணரும். ஆனால் பயமாக இருப்பவர் கண்ணைத் திறந்தே வைத்திருக்கட்டும், அதில் தப்பில்லை.

கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பலர் தொங்கவிட்டுவிடுவார்கள். மற்றவரின் கன்னத்தைத் தாங்கலாம், தோளில் வைக்கலாம், விரல்களைக் கோத்துக்கொள்ளலாம். பின்கழுத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். விலக நினைக்கும்போது விலக முடியாமல் செய்யும் எந்தப் பிடியும் கூடாது.

நாக்கைப் பயன்படுத்தும் ஆழ்ந்த முத்தம் முதல் நாளே வேண்டாம் என்பது என் கருத்து. சிலருக்கு அது பிடிக்க வாரங்கள் ஆகும், சிலருக்குப் பிடிக்கவே பிடிக்காது, இரண்டுமே சரிதான். இருவருக்கும் ஆசை வந்த பிறகு, நுனி நாக்கால் லேசாகத் தொட்டுப் பார்த்து, பதில் கிடைத்தால் மட்டும் தொடருங்கள். எச்சில் என்றால் அருவருப்பு என்று வளர்ந்தவர்கள் நாம். கடித்த பண்டத்தைக்கூடப் பகிர்ந்து தின்னாத வீடுகள் இருக்கின்றன. அந்த அருவருப்பு ஒரே ராத்திரியில் போகாது. நெதர்லாந்தில் 21 ஜோடிகளிடம் நடத்திய ஆய்வில், 10 நொடி ஆழ்ந்த முத்தத்தில் 8 கோடி பாக்டீரியாக்கள் வரை இடம் மாறுவதாகக் கணக்கிட்டார்கள். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் நம் எல்லோர் வாயிலும் எப்போதும் இருக்கிற சாதாரணக் கிருமிகள்தான் அவை. நாளுக்கு ஒன்பது முறையாவது முத்தமிட்டுக்கொள்ளும் ஜோடிகளின் எச்சிலில் இருக்கும் கிருமிகள் ஒன்றுபோலவே இருப்பதையும் அந்த ஆய்வில் கண்டார்கள். சேர்ந்து வாழும் இருவரின் உடம்பும் இப்படி ஒன்றுக்கொன்று பழகிக்கொள்வது எனக்கு அழகாகவே படுகிறது.

பல் இடிக்கும். சிரிப்பு வரும். சேர்ந்து சிரியுங்கள். சிரிப்பு வந்த பிறகு கொடுக்கும் முத்தம் பெரும்பாலும் முதலில் கொடுத்ததைவிட நன்றாக இருக்கும்.

மாமியார் வீட்டில் இடம் எங்கே

சென்னையில் ஒரு படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் இருப்பார்கள். கிராமத்து வீட்டில் அறை இருக்கும், ஆனால் சுவர் கூரை வரை எட்டாது, பேசுவது எல்லாம் அடுத்த அறைக்குக் கேட்கும். இந்த நிலைமையில் முத்தமே பெரிய கொடை, ஏனென்றால் அதற்குச் சத்தம் தேவையில்லை. 'இச்' என்ற சத்தம் உதட்டை வேகமாக எடுப்பதால் வருவது; மெதுவாக எடுத்தால் யாருக்கும் கேட்காது.

கதவைத் தாழ் போடுவதற்குக் கூச்சப்படாதீர்கள். இதைத் தொடங்கி வைக்க வேண்டியவர் அந்த வீட்டுப் பிள்ளை. மருமகள் போட்டால் பேச்சு வரும், மகன் போட்டால் வராது. நியாயமில்லைதான், ஆனாலும் முதல் சில மாதங்களுக்கு அப்படித்தான் இருக்கும். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகும்போது கூடவே போகலாம். கடைக்குக் கிளம்பும் முன் அறைக்குள் ஒரு நிமிடம் சேர்ந்து போகலாம். மனைவி சமையலறையில் இருக்கும்போது பின்னால் வந்து கட்டிக்கொள்வது படத்தில் நன்றாக இருக்கும். அடுப்பில் கொதிக்கும் எண்ணெய் இருக்கிறதா, அத்தை எந்த நேரம் உள்ளே வருவார் என்ற பதற்றம் அவளுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியிடங்களைப் பற்றி இரண்டு வரி. பொது இடத்தில் ஆபாசச் செயல் செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-வது பிரிவின் கீழ் குற்றம். இதற்கு முன்பிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 294. முத்தம் என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை. மணமான ஜோடி பொது இடத்தில் முத்தமிட்டதாகப் போடப்பட்ட ஒரு வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் 2009-ல் ரத்து செய்தது. அப்படியிருந்தும் கொடைக்கானலிலோ கடற்கரையிலோ யாராவது வந்து மிரட்டினால் தேனிலவு கெட்டுப்போகும். கையைக் கோத்துக்கொண்டு நடங்கள், மிச்சத்தை அறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது வேண்டாம்

சளி, காய்ச்சல், தொண்டைவலி இருக்கும்போது உதட்டு முத்தத்தைத் தள்ளி வையுங்கள். ஈறில் ரத்தம், வாயில் புண் இருந்தாலும் அப்படியே. ஹெச்ஐவி எச்சிலால் பரவாது.

உதட்டோரத்தில் கூட்டமாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் வந்தால் அது பெரும்பாலும் ஹெர்பிஸ் வகை வைரஸ். கொப்புளம் காய்ந்து உதிரும் வரை முத்தம் வேண்டாம், குழந்தைகளுக்குக் கட்டாயம் வேண்டாம். பிறந்த குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். இங்கே முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹெர்பிஸ் என்ற பெயரைப் படித்துவிட்டு மனைவியையோ கணவனையோ சந்தேகப்பட்டுவிடாதீர்கள். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்த வைரஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெரும்பாலோருக்கு அது சின்ன வயதிலேயே, பாசத்தோடு கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சிய யாரோ ஒரு சொந்தக்காரரிடமிருந்து வந்திருக்கும். இதைக் காரணம் காட்டி ஒருவர் நடத்தையைப் பேசுவது பெரிய அநியாயம்.

எதற்கும் முன்னுரையாக இல்லாத முத்தங்கள்

முதல் சில மாதம் போன பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. கணவன் முத்தம் கொடுத்தால் 'அடுத்து அதுதான்' என்று மனைவிக்குத் தெரிந்துபோகும். அன்று அவளுக்குக் களைப்பாக இருந்தால், முத்தத்திலேயே விலகிவிடுவாள். முத்தத்தை ஏற்றுக்கொண்டால் மீதிக்கும் சம்மதம் என்று ஆகிவிடுமே. கணவனுக்கோ அவள் முத்தத்தைக்கூட மறுக்கிறாள் என்று தோன்றும். இப்படியே இருவரும் தொடுவதையே நிறுத்திவிடுவார்கள். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லாமலேயே இது நடந்துவிடுகிறது, அதுதான் வருத்தம்.

இதற்கு நான் சொல்லும் வழி எளிது. வாரத்தில் சில நாட்களை 'இன்னைக்கு முத்தம் மட்டும்தான்' என்று வெளிப்படையாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள், ஆசை எவ்வளவு வந்தாலும் அதற்கு மேல் போகாதீர்கள். சில வாரங்களில் முத்தம் கண்டால் விலகும் பழக்கம் போய், அவளே பக்கத்தில் வருவாள்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 900 பேரிடம் கேட்டு 2013-ல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட நாள் உறவுகளில் அடிக்கடி முத்தமிடுவதும் உறவில் திருப்தியும் சேர்ந்தே இருப்பதைக் கண்டார்கள். அமெரிக்காவில் அரிசோனாவில் 2009-ல் வெளியான இன்னொரு ஆய்வில், சேர்ந்து வாழ்பவர்களில் ஒரு பகுதியினரை ஆறு வாரம் வழக்கத்தைவிட அதிகமாக முத்தமிட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவர்களுக்கு மன அழுத்தம் குறைந்தது, உறவில் திருப்தி கூடியது, ரத்தத்தில் கொலஸ்ட்ரால்கூடக் கொஞ்சம் இறங்கியது.

தம்பதிகளின் வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் தினமும் ஆறு நொடி முத்தம் ஒன்றைப் பரிந்துரைக்கிறார். ஆறு நொடி என்பது எண்ணிப் பார்த்தால் நீளம்தான். வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கன்னத்தில் ஒற்றிவிட்டு ஓடுவது ஒரு நொடிகூட ஆகாது. ஆறு நொடிக்கு நின்றாக வேண்டும், பையைக் கீழே வைத்தாக வேண்டும், மற்றவரைப் பார்த்தாக வேண்டும். காலையில் முடியாவிட்டால் சாயங்காலம் திரும்பி வந்ததும், போனைத் தொடும் முன்னால் செய்யலாம்.

சண்டை போட்ட பிறகு? பேசித் தீர்க்காமல் முத்தத்தால் வாயை அடைக்கப் பார்க்காதீர்கள். "நான் சொன்னது தப்புதான்" என்ற சொல் முதலில் வரட்டும். அதன் பிறகு கையைப் பிடிக்கலாம்.

குழந்தை பிறந்ததும் வீட்டில் இருக்கும் முத்தம் எல்லாம் அதற்கே போய்விடும். தொட்டிலைச் சுற்றி இரண்டு பேரும் நிற்பார்கள், ஒருவரை ஒருவர் தொட்டு வாரம் ஆகியிருக்கும். தூக்கமில்லாமல் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் மனைவியின் உச்சியில் ஒரு முத்தம் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பை நீட்டுங்கள். அதற்குப் பதிலாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

பிரிந்திருந்து திரும்பும்போது

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் கணவன்மார்கள் கல்யாணமாகி ஒரு மாத விடுப்பு முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள், திரும்பி வர ஒன்றிரண்டு வருடம் ஆகும். தினமும் வீடியோ காலில் பார்த்திருப்பார்கள், உதட்டைக் குவித்துத் திரைக்கு முத்தம் கொடுத்திருப்பார்கள். நேரில் வந்து நின்றதும் இருவருக்கும் கூச்சம் வந்துவிடும். அவருடைய சோப்பு வாசம் மாறியிருக்கும், அவள் இளைத்தோ பெருத்தோ இருப்பாள், நடுவில் ஒரு குழந்தை யாரென்று தெரியாமல் அழும். அன்பு குறைந்துவிட்டதோ என்று இருவரும் தனித்தனியே பயப்படுவார்கள். குறையவில்லை, தொடுதல் மட்டும் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

ஆகவே மறுபடியும் கையிலிருந்து, நெற்றியிலிருந்து தொடங்குங்கள். வந்த அன்று ராத்திரியே எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில நாள் ஆகட்டும். அந்தச் சில நாளுக்கு இடம் வேண்டுமே, விடுப்பில் வந்தவரைப் பார்க்க ஊரே வரும், விருந்துக்குக் கூப்பிடும், குலதெய்வம் கோவிலுக்குப் போக வேண்டும் என்பார்கள். டிக்கெட் போடும்போதே வீட்டில் பேசி, முதல் வாரத்தில் இரண்டு நாளை யாருக்கும் கொடுக்காமல் உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.